குடியை விடக் கட்டிய கயிறு

கண்ணாடியின் பவர் மாறிவிட்டதோ என்று பார்க்க இன்று காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கண் கிளினிக்குக்குப் போயிருந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் பெயரைக்கூடக் கேட்காமல், "அங்கிள், ஹாத் தீஜியே" என்றாள். கையை நீட்டினேன். ஒரு பாட்டிலை அமுக்கி உள்ளங்கையில் சானிடைசரைப் பீய்ச்சினாள். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் செய்கிறார்கள்? ஊர் முழுக்க மறந்தாயிற்று. அந்தக் கிளினிக்கில் மட்டும் நிறுத்தச் சொல்ல ஆளில்லை போல. அந்த ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதுமே கையை இழுத்துக்கொண்டேன். வெளியே ஓடி வந்து, நாம் வழக்கமாக முருங்கைக்காய் வாங்கும் கடைக்குப் பக்கத்துச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். கடைக்காரன் தண்ணீர் கொடுத்து, "க்யா ஹுவா அண்ணா, தபியத் டீக் நஹி?" என்று உடம்பை விசாரித்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பிப்ரவரி மாதம், டெல்லி, நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அவன் தலையாட்டிவிட்டு இன்னொரு குவளை தண்ணீர் நீட்டினான், நல்ல மனுஷன்.

கண்ணைக் காட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. கழுவக் கழுவ உன் ஞாபகம்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு உன் கையில் எந்நேரமும் இருந்த வாசனை இது. சட்டைப் பையில் குட்டி பாட்டில் ஒன்று வைத்திருப்பாய். பைலைத் தொட்டால் துடைப்பாய், கதவைத் தொட்டால் துடைப்பாய், துடைத்ததை மறந்து இன்னொரு தரம் துடைப்பாய். அந்த வாசனையை வைத்துத்தான் உன்னைக் குடிகாரன் ஆக்கினோம்.

'ஆக்கினோம்' என்று எழுதியிருக்கிறேன் பார். நீ போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது, இன்னும் எனக்குத் துணைக்கு நாலு பேர் வேண்டியிருக்கிறது. ஆக்கியது நான்.

ஒரே வாரத்தில் அந்த அமைச்சகத்தில் சேர்ந்தவர்கள் நாம். நீ திருநெல்வேலி, நான் திருச்சி. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எதிரெதிர் பிளாக். குளிர்காலத்தில் டெல்லி சர்க்கார் மதியம் ஒரு மணிக்கு மேல் கட்டடத்துக்குள் நடப்பதில்லை, புல்வெளியில் நடக்கிறது என்று நீ சொல்வாய். வேர்க்கடலை உடைக்கிறவர்கள், ஆரஞ்சு உரிக்கிறவர்கள், ஸ்வெட்டர் பின்னுகிற பெண்கள், வெயிலைப் பார்த்து முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் செக்‌ஷன் ஆபீசர்கள். அவர்களுக்கு நடுவே பழைய செய்தித்தாளை விரித்து நாம் நாலு பேர். நாமிருவர் ஒரு கட்சி, மேல் மாடி மலையாளிகள் இருவர் எதிர்க்கட்சி. இருபத்தெட்டு ஆட்டம். ஏலம் எடுத்தவன் தன் துருப்பு எது என்று முடிவு செய்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதற்கப்புறம் எந்தச் சீட்டு விழுந்தது, எது யார் கையில் மிச்சம் என்று நினைவில் வைத்திருப்பதுதான் ஆட்டமே. முப்பத்திரண்டு சீட்டும் உன் தலைக்குள் இருக்கும். நீ சீட்டையே பார்க்க மாட்டாய், ஆள் முகத்தைத்தான் பார்ப்பாய். நான் தப்பாக ஒன்றை இறக்கிவிட்டால், "கண்ண எங்கலே வச்சிருந்த? ஒம்பது விழுந்து மூணு சுத்து ஆச்சு" என்று நாள் முழுக்கத் திட்டுவாய். இருபத்திரண்டு குளிர்காலம் உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் நானும்தான் படுத்தேன். எனக்கு நாலு நாள் காய்ச்சலோடு போயிற்று. உன் வீட்டில் உன் மனைவிக்கும் வந்தது, அவளும் வீட்டிலேயே இருந்து தேறினாள். உனக்குத்தான் பதினேழு நாள் ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், எல்லாம். நீ திரும்பி வந்தபோது பிளாக்கில் எல்லோரும் பால்கனியில் நின்று கை தட்டினார்கள். டெஸ்ட் நெகடிவ் என்று ஒரு காகிதம் வந்தால் வியாதி போய்விட்டது என்று அர்த்தம். படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

அந்த டிசம்பரில் புல்வெளிக்குத் திரும்பினோம். இருபது கேட்டு ஏலத்தை எடுத்தாய், சீட்டைக் கவிழ்த்து வைத்தாய். நாலாவது சுற்றில் இறங்கிய இனம் உன் கையில் இல்லை. துருப்பைத் திறந்து வெட்ட வேண்டியதுதானே? நீ எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாய். "துருப்பு யாரு வச்சா?" என்றாய்.

நாங்கள் சிரித்தோம். ஏதோ நாடகம் போடுகிறாய் என்று நினைத்து நானும் பலமாகச் சிரித்தேன். அப்புறம் உன் மேல் உதட்டில் வியர்வையைப் பார்த்தேன். கவிழ்ந்து கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, யாரோ வைத்ததைப் போல மறுபடி கீழே வைத்தாய். அன்றைக்குத் தோற்றோம். என்னைத் திட்டவில்லை நீ.

பிறகு ஆபீசிலும் தொடங்கியது. ஒரே பைலை ஒரே வாரத்தில் இரண்டு தரம் மேலே அனுப்பினாய், இரண்டிலும் இரண்டு விதமான குறிப்பு. நாடாளுமன்றக் கேள்விக்கு அவசரமாகப் பதில் எழுத வேண்டிய நாளில், எந்த மாடி என்று தெரியாமல் லிப்டுக்கு முன்னால் நின்றிருந்தாய். காலையில் நன்றாகவே இருப்பாய். மதியம் ஆக ஆக நாக்கு கனத்துவிடும், நடை தள்ளாடும், யாராவது சத்தமாகப் பேசினால் எரிந்து விழுவாய். நாலு மணிக்குப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கூடவே கையில் அந்த வாசனை வேறு.

என்னிடம் மட்டும் சொன்னாய். "மண்டைக்குள்ள பஞ்ச அடச்ச மாதிரி இருக்குலே. வார்த்த வருது, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருது."

உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அதைச் செய்தேன் என்று எழுதிக்கொள்வதில் எனக்கு இன்னும் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது. ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த பெரிய டாக்டர், எல்லாம் நார்மல், டென்ஷன் வேண்டாம், யோகா செய்யுங்கள் என்று அரை நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். வெளியே வரும்போது அங்கே பயிற்சியில் இருந்த ஒரு சின்னப் பெண் டாக்டர் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஐந்து வார்த்தை சொன்னாள். வேறு ஏதேதோ பேசிவிட்டு, அந்த ஐந்தையும் திரும்பக் கேட்டாள். உனக்கு ஒன்றுதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. வைரஸ் உடம்பை விட்டுப் போன பிறகும் சில பேருக்கு அதன் விளைவு மூளையில் தங்கிவிடுகிறது, அது ஸ்கேனில் தெரிவதில்லை, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறுகிறவர்கள் உண்டு, முழுக்கத் தேறாதவர்களும் உண்டு என்றாள். மதியத்தில் ஓய்வு வேண்டும், சுலபமான வேலை கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். "நீங்கள் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரிகிறது" என்று ஹிந்தியில் சொன்னாள். அதைக் கேட்டதும் உன் கண் நிறைந்துவிட்டது. உன் வாழ்க்கையில் அந்த வருஷம் உன்னை நம்பியது அந்தப் பெண் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தோம். நீ அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாய்.

"இத நாளைக்கே ஆபீஸ்ல குடுத்துருதேன்."

"பைத்தியமா உனக்கு? மூளைன்னு எழுதியிருக்காடா. மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவான். அன்ஃபிட்னு எழுதிட்டா வேலை போச்சு, குவார்ட்டர்ஸ் போச்சு. உன் பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா, ஞாபகம் இருக்கா?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"மடிச்சு உள்ள வை. யாருக்கும் காட்டாத. வீட்லயும் சொல்லாத, தங்கச்சி பயந்துடும். நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்கிற எவனையும் இப்போது எனக்குப் பிடிப்பதில்லை. நிர்வாகப் பிரிவில் இருபது வருஷம் உட்கார்ந்தவன் நான். வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் வந்தால் அவரை அனுப்பிவிடக் கூடாது, செய்யக்கூடிய வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதைப் பற்றிய சுற்றறிக்கை என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் கிடந்தது. நான் வாசித்ததில்லை. விடுமுறைப் பயண விதி என்றால் தூக்கத்திலும் சொல்வேன். உன் வியாதிக்கு அந்தச் சட்டம் பொருந்தியிருக்குமோ என்னவோ, எடுத்தாவது பார்த்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அடுத்த வாரம் டெபுடி செகரட்டரி என்னைக் கூப்பிட்டார். உனக்கும் எனக்கும் மேலதிகாரி அவர்தான். கதவைச் சாத்தச் சொன்னார். "உங்க தோஸ்த்துக்கு என்ன ஆச்சு? கை நாறுது, கால் தள்ளாடுது. சச் போலியே, உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டார். அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளப்பில் குடிப்பவர். திங்கட்கிழமை அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுபவர். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். வியாதி என்றால் போர்டு. சோம்பேறி என்றால் மெமோ. குடி என்றால்? குடி டெல்லி ஆபீசுக்குப் புரியும். குடிக்கிறவனை மூடி மறைப்பதற்கு அங்கே ஒரு பழக்கம், ஒரு மரியாதை உண்டு. சாவின் வாசலுக்குப் போய் வந்தவன் கொஞ்சம் குடித்தால் யார் என்ன சொல்வார்கள்?

"தோடா பீதே ஹைன் சார். கோவிட் கே பாத்." கோவிட்டுக்கு அப்புறம் கொஞ்சம் குடிக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. "அச்சா, யே பாத் ஹை! இதுதான் விஷயமா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். "சம்ஜாவோ உஸ்கோ, புத்தி சொல்லுங்க. மதியத்துக்கு மேல் முக்கியமான பைல் எதையும் அவரிடம் கொடுக்காதீங்க." பார், டாக்டர் எழுதிக் கொடுத்ததையே வேறு வழியில் வாங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அறையை விட்டு மீசையை முறுக்காத குறையாக வெளியே வந்தேன். அன்று மாலை எனக்கு நானே ஜிலேபி வாங்கித் தின்றேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் அந்த ஜிலேபியை நினைத்தால்தான் எனக்கு என்மேல் வருகிற அருவருப்பு சரியான அளவுக்கு வருகிறது.

மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. யாரும் உன்னைத் தொந்தரவு செய்யவில்லை. தோளில் தட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தச் செய்தி ஆபீசிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தது, இப்படிப்பட்ட செய்தி வராமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உன் மனைவி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, நெசத்தச் சொல்லுங்க. அவுக குடிக்காகளா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொன்னால் அவள் நேரே ஆபீசுக்கு வந்து, எவன் சொன்னான் என்று கேட்பாள். கேட்கக்கூடியவள். அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், என் பெயரில் முடியும். எனக்கு அப்போது பதவி உயர்வு வர வேண்டியிருந்தது.

"கொஞ்சம்தாம்மா. பெரிசு பண்ணாதீங்க. தானா விட்டுடுவான்."

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நீயே என்னிடம் சொல்லிச் சிரித்தாய். "சாயங்காலம் வீட்டுக்குள்ள நொழையதுக்கு முந்தி வாயத் தொறந்து ஊதச் சொல்லுதாலே. ரோட்டுல போலீஸ்காரன் நிறுத்துவாம்லா, அந்தக் கணக்கா. நானும் ஊதுதேன்." வாழ்நாளில் பீர் பாட்டிலின் மூடியைக்கூட முகர்ந்து பார்க்காதவன் நீ. ஆபீஸ் விருந்துகளில் உனக்காகத் தனியாக எலுமிச்சை ஜூஸ் கொண்டு வருவார்கள், அதையும் ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாய். அப்படிப்பட்ட நீ உன் வீட்டு வாசலில் நின்று, கட்டிய மனைவிக்கு முன்னால் வாயைத் திறந்து ஊதினாய். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்குமோ? உன் பெண் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் தெரியும்.

சிரித்து முடித்த பிறகு சட்டென்று கேட்டாய். அப்போது நாம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏலே, நான் குடிக்கேனா?"

நான் உன்னைப் பார்த்தேன்.

"இல்ல, சும்மா கேக்கேன். மத்தியானத்துக்கு மேல நடக்கது ஒண்ணும் மண்டைல நிக்க மாட்டேங்கு. எல்லாரும் சொல்லுதாங்க. ஒருவேள எங்கயாவது போயிக் குடிச்சிட்டு, குடிச்சத மறந்துருதனோ?"

வேடிக்கையாகக் கேட்கவில்லை நீ. முப்பத்திரண்டு சீட்டையும் தலைக்குள் வைத்திருந்தவன், தன் கையைத் தானே நம்ப முடியாமல், இருபத்திரண்டு வருஷக் கூட்டாளியிடம் கேட்டாய். இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அடுத்த கேள்வி, அப்ப யாருலே இப்படிச் சொன்னா என்று வரும். நான் ரோட்டைப் பார்த்தேன். "வெளையாடாதடா. பஸ் வருது பாரு" என்றேன். வந்தது நம் பஸ் இல்லை. இருந்தாலும் அதில் ஏறினோம்.

டெபுடி செகரட்டரி மாற்றலாகிப் போனார். போகும்போது தன் இடத்துக்கு வந்தவரிடம் உன்னைப் பற்றி, நல்லெண்ணத்தோடுதான், சொல்லிவிட்டுப் போனார். வந்தவர் வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். உன் வேலையை மதிப்பிடும் ஆண்டறிக்கையில் குடித்துவிட்டு வேலைக்கு வருவதாகத் தெரிகிறது என்று எழுதினார். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் வேலையைப் பரிசீலித்து, தேவையில்லை என்று பட்டவர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பும் விதி ஒன்று உண்டல்லவா, அந்தப் பட்டியலில் உன் பெயர் வந்தது. உத்தரவை உன்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது நிர்வாகப் பிரிவின் வேலை. வாங்கியது நான். கையெழுத்துக்குக் கீழே தேதி போடும்போது, "என்ன வருசம்லே இது?" என்று கேட்டாய். சொன்னேன். எழுதினாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், நண்பனுக்கு வேலை போகப் பொய் சொன்னவன் என்று ஆகியிருப்பேன். இப்போது மட்டும் வேறு என்னவாக இருக்கிறேன்?

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மயூர் விஹாரில் வாடகை வீட்டுக்குப் போனீர்கள். ஒன்றரை மாதம் கழித்து உன்னைப் பார்க்க வந்தேன். நன்றாக இருந்தாய், சவரம் செய்து நெற்றியில் திருநீறு பூசியிருந்தாய். உன் வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. என்ன இது என்று கேட்டேன். நம் ஊர்ப் பக்கம் குடியை விட நினைக்கிறவர்கள் சாமிக்கு முன்னால் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வார்களே, அதுதான். உன் மனைவி உன்னை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போய், சத்தியம் வாங்கி, பூசாரி கையால் கட்ட வைத்திருக்கிறாள்.

நீ கயிற்றை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாய். "நாப்பது நாளு ஆச்சுலே. ஒரு சொட்டு தொடல. காலண்டர்ல குறிச்சி வச்சிருக்கேன் பாரு." சுவரில் காலண்டர் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தாய். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னதில், உனக்கு நினைவில் நின்றது அது ஒன்றுதான் போல. உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வியாதி வந்த பிறகு உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. ஒரு நாளும் செய்யாத தப்பை நாற்பது நாளாகச் செய்யாமல் இருந்ததற்கான சந்தோஷம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "சபாஷ்டா, இப்படியே விட்டுடு" என்றேன்.

உலகத்தில் எத்தனையோ கேவலங்களைப் பார்த்திருக்கிறேன். லஞ்சம் வாங்குகிற கையைப் பார்த்திருக்கிறேன், செத்தவன் வீட்டில் காபி சரியில்லை என்று சொன்னவனைப் பார்த்திருக்கிறேன். அன்று உன் கையைக் குலுக்கிய என் கைக்கு ஈடாக ஒன்றும் இல்லை. அந்த வைரஸ் உன் மூளையில் எதையெதை அழித்ததோ எனக்குத் தெரியாது. நீ யார் என்பதை அது அழிக்கவில்லை. அதை அழிக்க நான் தேவைப்பட்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் உனக்கு மாரடைப்பு. எரிப்பதற்கு முன்னால் மணிக்கட்டில் இருந்த கயிற்றை அறுக்கட்டுமா என்று யாரோ கேட்டார்கள். இருக்கட்டும் என்றாள் உன் மனைவி. சத்தியத்தைக் காப்பாற்றினவராகவே போகட்டும் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

போன வாரம் உன் பெண் என்னைத் தேடி வந்தாள். படிப்பை முடித்துக் குருகிராமில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், உனக்குத் தெரியாது. உன் ஸ்கேன் உறையைத் தூக்கிப் போடப் போனபோது உள்ளே இருந்து அந்தக் காகிதம் விழுந்ததாம். மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"அங்கிள், யே க்யா ஹை? அப்பாவுக்கு பிரெயின்ல ப்ராப்ளம்னு டாக்டர் எழுதியிருக்காங்க. டேட் பாத்தீங்களா? ஆபீஸ்ல எல்லாரும் சொல்றதுக்கு முன்னாடி டேட். மத்லப், அப்படின்னா அப்பா குடிச்சாரா, இல்லையா?"

"இல்ல கண்ணு."

"கபி நஹி?"

"ஒரு நாளும் இல்ல."

அவள் காகிதத்தின் மடிப்பை விரலால் நீவினாள். "நான் அவர்கூட ரெண்டரை வருஷம் சரியா பேசல, அங்கிள். பேச வந்தா கதவைச் சாத்திப்பேன். ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன்" என்றாள். பிறகு, யார் முதலில் சொன்னது என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை. முடித்த பிறகுதான் தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வாசமே வந்ததில்ல அண்ணாச்சி. தெனமும் ஊதச் சொல்லிப் பாத்தேன். கையிலதான் அந்த மருந்து வாசம் வரும், வாயில ஒண்ணும் வராது. ஆனா நீங்க சொல்லிட்டீகளே. அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாக, அந்தக் காய்ச்சல்ல எம்மூக்குதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சிக்கிட்டேன். பால் திரிஞ்சா தெரியுது, கறி அடி புடிச்சா தெரியுது, இது மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குன்னு அழுதிருக்கேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையை வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதை எடுக்கவே முடியவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவுக கிட்டயாவது சொன்னீகளா? கடைசிக்குள்ள எப்பயாவது, ஒருக்கா?"

இல்லை என்றேன்.

அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை. நானே கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நீ கேட்ட கேள்வியை அன்றிலிருந்து சுமக்கிறேன். அதன் பதிலை உன்னிடம் கொண்டுபோய்ச் சேர்க்க இனி வழியில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய அளவுக்கு மட்டும். இல்லைடா. நீ குடிக்கவில்லை.